நீர் வடிந்த பிறகு கூடிவந்த நூடுல்ஸ் சாலட்

நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சியோடு செய்யும் ஆசிய முறை நூடுல்ஸ் சாலட் எனக்கு நான்காவது முயற்சியில்தான் சரியாக அமைந்தது. சாப்பிட்டு முடித்ததும் பரிமாறிய பெரிய கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் தேங்கியிருந்த திரவத்தை அளவுக் கரண்டியில் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. முதல் முயற்சியில் இதே கிண்ணத்தின் அடியில் அரைக் கோப்பைக்கு மேல் வெளுத்த நீர் நின்றது. அதில் ஊறிய நூடுல்ஸில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. இரண்டுக்கும் இடையில் பொருள்களை நான் அதிகம் மாற்றவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை எடைபோட்டுப் பார்த்து, அதை வெளியேற்றியதுதான் மாற்றம்.

நான் செய்வது இரண்டு நாட்டுச் சமையல்களிலிருந்து எடுத்த ஒன்று. அடிப்படை வியட்நாமியக் கிண்ணம்: மெல்லிய அரிசி நூடுல்ஸ், பச்சை இலைகள், ஊறவைத்த காய்கள், சூடான இறைச்சி, மேலே மீன் சாறும் (மீனை உப்பில் நொதிக்கவைத்து வடிக்கும் திரவம்) எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த 'நுவோக் சாம்' என்னும் சாறு. இறைச்சியைக் கையாளும் விதத்தையும் வறுத்த அரிசிப் பொடியையும் தாய்லாந்தின் 'நாம் தோக்' என்னும் மாட்டிறைச்சி சாலட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். கீழே வரும் அளவுகள் நால்வருக்கு உரியவை.

முதலில் இறைச்சி, ஏனெனில் அதிகத் தவறுகள் அதில்தான் நடந்தன. நான் பயன்படுத்தியது 'ஃபிளாங்க்' என்று சொல்லப்படும், மாட்டின் அடிவயிற்றுப் பகுதியிலிருந்து வரும் தட்டையான தசைத் துண்டு; எடை 600 கிராம், தடிமன் ஏறக்குறைய 2.5 செ.மீ. முதல் முறை இதை எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, 40 கிராம் சர்க்கரை, பூண்டு, இடித்த எலுமிச்சைப் புல் ஆகியவற்றில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் எடுத்தபோது துண்டின் மேற்பரப்பு சாம்பல் நிறமாகி, விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிர்ந்தது. எலுமிச்சையின் அமிலம் மேல்தோலைச் சிதைத்திருந்தது. உள்ளேயோ ஊறல் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கவில்லை. அதை அப்படியே, சொட்டச் சொட்ட, வரிப்பள்ளம் கொண்ட வார்ப்பிரும்புக் கல்லில் போட்டேன். முதலில் எழுந்த சுர்ரென்ற ஓசை பத்து வினாடிக்குள் அடங்கி, கொதிக்கும் குழம்பின் ஓசையாக மாறியது. பள்ளங்களில் வழிந்த சர்க்கரை கருகிப் புகைந்தது. மேடுகள் பட்ட இடத்தில் கருங்கோடுகளும், மற்ற இடமெல்லாம் வெந்த சாம்பல் நிறமுமாக இறைச்சி வெளியே வந்தது.

இரண்டாம் முறை, தசை முரட்டுத்தனமாக இருந்ததற்குத் துண்டின் தரமே காரணம் என்று முடிவுகட்டி, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள மென்தசைத் துண்டை வாங்கினேன். அது தேவையற்ற செலவு. மென்மையாக இருந்தது உண்மைதான்; ஆனால் அதற்கு மாட்டிறைச்சியின் ஆழ்ந்த சுவை குறைவு, அதோடு புளிப்பும் காரமும் மிகுந்த இந்தச் சாறுக்கு முன்னால் அது நிற்கவில்லை. முதல் முறை மெல்ல முடியாமல் போனதற்குக் காரணம் நான் நார் ஓடும் திசையிலேயே அரிந்திருந்தேன் என்பது, மீந்திருந்த ஒரு துண்டை மறுநாள் குறுக்கே அரிந்து தின்றபோதுதான் தெரிந்தது. ஒரே இறைச்சி, கத்தியைத் திருப்பியதில் மெல்லும் வேலை பாதியாகிவிட்டது. மூன்றாம் முறையிலிருந்து மீண்டும் ஃபிளாங்குக்கே வந்துவிட்டேன்.

இதில் ஒரு சிறு இடர் இருக்கிறது. பச்சை இறைச்சியில் நார்கள் துண்டின் நீளவாட்டில் தெளிவாகத் தெரியும்; சுட்ட பிறகு மேலே கரிந்த பொருக்கு மூடிவிடுவதால் திசை புலப்படாது. ஆகவே அடுப்பில் போடுவதற்கு முன்பே, ஒரு மூலையில் நாருக்குக் குறுக்கே விரல்நக அகலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு வைக்கிறேன். ஓய்வெடுத்த இறைச்சியைப் பலகையில் வைத்ததும் முதலில் தேடுவது அந்த வெட்டைத்தான். துண்டை நாரோடு 6 அல்லது 7 செ.மீ. அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் அந்த வெட்டுக்கு இணையாக, கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, 4 மி.மீ. கனத்தில் அரிகிறேன். சரியாக அரிந்த துண்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் நார்கள் கோடுகளாக அல்லாமல் நெருங்கிய சிறு புள்ளிகளாகத் தெரியும். இரு விரலால் மெல்ல இழுத்தாலே அது பிரிந்துவிட வேண்டும்.

நான்காம் முறை ஊறவைத்தலை அடியோடு மாற்றினேன். முந்தைய நாள் இரவு இறைச்சியை உறிஞ்சுதாளால் ஒற்றி, எடையில் 1 சதவீதம், அதாவது 6 கிராம், உப்பை மட்டும் இரு பக்கமும் தடவி, தட்டின் மேல் கம்பித்தட்டு வைத்து அதில் கிடத்தி, மூடாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். மறுநாள் எடை 586 கிராம். இடையில் போனது மேற்பரப்பின் ஈரம். துண்டு தொட்டால் தாள்போல் உலர்ந்து, அடர் சிவப்பாக இருந்தது. சர்க்கரையோ, பூண்டோ, எலுமிச்சைப் புல்லோ இந்தக் கட்டத்தில் எதுவும் சேர்க்கவில்லை. அவற்றின் மணம் இறைச்சிக்கு வேண்டும் என்பதற்காக, 1 மேசைக்கரண்டி எண்ணெயில் 10 கிராம் எலுமிச்சைப் புல்லின் வெண்தண்டையும் ஒரு பல் பூண்டையும் நன்றாக அரைத்து, அரைத் தேக்கரண்டி சர்க்கரை கலந்து வைத்துக்கொண்டு, நெருப்பிலிருந்து எடுப்பதற்கு அரை நிமிடம் இருக்கும்போது மட்டும் தூரிகையால் பூசினேன். அரை நிமிடத்தில் பூண்டு வாடி மணக்கிறது, சர்க்கரை நிறம் பிடிக்கிறது, இரண்டும் கருகுவதில்லை.

அடுப்பாகக் கரி நெருப்பையே கொண்டேன். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விட்டு, கரியின் மேல் சாம்பல் வெண்மையாகப் படரும் வரை 25 நிமிடம் காத்திருந்தேன். கம்பிவலைக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையை நீட்டினால் இரண்டு, மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு போதுமானது. ஒவ்வொரு நிமிடமும் இடுக்கியால் புரட்டினேன்; ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டதில் பொருக்கு இருபுறமும் ஒரே சீராக ஏறியது, உள்ளே ஓரத்தில் தோன்றும் சாம்பல் வளையமும் மெலிந்தது. 7 நிமிடம் முடிந்தபோது ஊசி வெப்பமானி நடுவில் 54 டிகிரி செல்சியஸ் காட்டியது; எடுத்துக் கம்பித்தட்டில் வைத்தேன். 10 நிமிட ஓய்வில் அது 58 வரை தானே ஏறியது. அந்த அளவு எல்லோருக்கும் ஏற்றதல்ல. முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் என்று அமெரிக்க வேளாண் துறை வரையறுக்கிறது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் முதியோருக்கும் பரிமாறுவதானால் நான் அதையே பின்பற்றுவேன். சாறு சற்றுக் குறையும். குறுக்கே மெல்லிதாக அரிந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

கரி அடுப்பு இல்லாதவர்கள் வரிப்பள்ளக் கல்லைவிடச் சமதளமான கனத்த வார்ப்பிரும்புக் கல்லைப் பயன்படுத்துவது மேல் என்பது என் அனுபவம். பள்ளங்களில் நீராவி சிக்கிக்கொள்கிறது. கோடுகள் அழகாக விழுந்தாலும் அவற்றுக்கிடையே இறைச்சி வேகிறதே தவிர வறுபடுவதில்லை. மூன்றாம் முயற்சியைச் சமதளக் கல்லில் செய்தேன், பொருக்கு கரியில் கிடைத்ததற்கு அடுத்தபடியாக இருந்தது.

இனி நூடுல்ஸ். ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனுள்ள உலர்ந்த அரிசி நூடுல்ஸ் 200 கிராம். உறையில் அச்சிட்டிருந்தபடி முதல் முறை கொதிநீர் ஊற்றி மூடி வைத்தேன். வெளிப்புறம் குழைந்து, நடுவே விறைப்பாக, ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. சரியாக வந்த முறை இரண்டு படிகள் கொண்டது. அறை வெப்பநிலை நீரில் 25 நிமிடம் ஊறவைத்தால் அது வளைந்து கொடுக்கும், ஆனால் வெந்திருக்காது. பிறகு 3 லிட்டர் தளதளவெனக் கொதிக்கும் நீரில் போட்டு, நீண்ட சோப்ஸ்டிக்கால் பிரித்துக்கொண்டே 50 வினாடியில் ஒரு இழையைக் கடித்துப் பார்த்து, உடனே வடிகூடையில் கொட்டி, குளிர்ந்த நீரில் மூன்று தடவை கைகளுக்கிடையே மெல்லத் தேய்த்து அலச வேண்டும். முதல் நீர் பால்போல் வரும், மூன்றாவது தெளியும். அந்த மாவு போகாவிட்டால் எவ்வளவு வடித்தாலும் இழைகள் ஒட்டும்.

இரண்டாம் முயற்சியில் சாலட் நீர்த்துப்போவதைச் சரிசெய்ய, மீன் சாற்றின் அளவை 60 மில்லியிலிருந்து 90 மில்லியாகக் கூட்டியிருந்தேன். முதல் வாய் உப்புக் கரித்தது, பத்து நிமிடம் கழித்து மீண்டும் சப்பென்று ஆனது. அன்று மீதி நூடுல்ஸ் வடிகூடையிலேயே இருந்ததால், ஒரு சந்தேகத்தில் அதைத் தராசில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அடுத்த முறை முழு அளவையும் நிறுத்தேன்: அலசி, கூடையை இரண்டு முறை உதறியவுடன் 612 கிராம், அகலமான கம்பித்தட்டில் மெல்லிய துணி விரித்துப் பரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரல்களால் தூக்கிப் புரட்டி, 20 நிமிடம் விட்ட பிறகு 538 கிராம். இடையில் போனது 74 கிராம் நீர். சாற்றில் அப்போது நானே அளந்து ஊற்றிய நீர் 90 மில்லிதான். அதாவது, முதல் இரண்டு முறையும் சாற்றில் ஏறக்குறைய அதே அளவு நீரை இன்னொரு தடவை ஊற்றிக் கலக்கியதற்கு நிகரான ஒன்றைச் செய்திருக்கிறேன், கூடவே வெள்ளரிக்காயின் நீர் வேறு. இந்த ஓர் அளவைக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிட்டது.

வடித்த நூடுல்ஸைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. மூன்றாம் முறை, குளிர்ந்த சாலட்தானே என்று இரண்டு மணி நேரம் உள்ளே வைத்தேன். அரிசி மாவு குளிரில் இறுகி, இழைகள் கம்பிபோல் விறைத்து, தூக்கினால் முறிந்தன. கொதிநீரில் 10 வினாடி முக்கி எடுத்ததும் மீண்டும் மென்மையாயின, ஆனால் வடிக்கும் 20 நிமிடத்தை மறுபடி செலவழிக்க வேண்டியதாயிற்று. அறை வெப்பநிலையில், ஈரத்துணி மூடி, ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுவதே நல்லது.

சாற்றின் கணக்கு பின்வருமாறு முடிந்தது: மீன் சாறு 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 60 மில்லி, சர்க்கரை 50 கிராம், வெதுவெதுப்பான நீர் 60 மில்லி, பொடியாக நறுக்கிய பூண்டு 2 பல், பச்சையோ சிவப்போ காரமான மிளகாய் 2. சர்க்கரையை முதலில் நீரில் கரைத்து, ஆறிய பின்னரே எலுமிச்சையைப் பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் மணம் போய்விடும். நீரை 90-இலிருந்து 60-ஆகக் குறைத்ததற்குக் காரணம் இறைச்சி. ஓய்வெடுத்த தட்டில் 28 மில்லி சாறு இறங்கியிருந்தது. அதை வடிகட்டாமல் அப்படியே கலந்தேன். குறைத்த நீருக்கு ஈடாக வந்தது வெறும் நீரல்ல, கரிமணமும் உப்பும் கொழுப்பும் சேர்ந்த சாறு. நாம் தோக் என்ற சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் நீர்வீழ்ச்சி என்று பொருள். சுடும்போது இறைச்சியிலிருந்து சொட்டும் சாற்றை வைத்தே அப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தட்டைக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது பெயரின் அருமை எனக்குப் புரிந்தது.

மீன் சாற்றைப் பற்றி ஒரு சொல். முதலில் என்னிடம் இருந்த குப்பியில் சர்க்கரையும் நிறமூட்டியும் சேர்ந்திருந்தன. பிறகு நெத்திலியும் உப்பும் மட்டுமே கொண்ட ஒன்றுக்கு மாறினேன். வியட்நாமியக் குப்பிகளில் 30, 40 என்று ஓர் எண் இருக்கும். அது ஒரு லிட்டரில் உள்ள நைட்ரஜனின் கிராம் அளவு, எண் கூடக்கூடச் சுவை அடர்த்தியாகும். இதற்குப் பெயர்பெற்ற ஃபூ குவோக் தீவின் மீன் சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தோற்ற இடப் பாதுகாப்பு அளித்தது. இந்த சாலட்டில் மீன் சாறு சமைக்கப்படாமல் நேரடியாக நாவில் படுவதால், செலவைக் கூட்ட வேண்டிய இடம் இறைச்சியைவிட இதுவே என்பேன். நால்வருக்கு 60 மில்லிதான் தேவை; ஒரு குப்பி பல தடவைக்கு வரும்.

காய்களில் சொல்ல அதிகமில்லை. கேரட்டும் வெள்ளை முள்ளங்கியும் தலா 100 கிராம், தீக்குச்சி அளவில் அரிந்து, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து 40 நிமிடம் ஊறவைத்து, கைப்பிடியில் இறுக்கிப் பிழிந்தேன். 300 கிராம் வெள்ளரியை நீளவாட்டில் பிளந்து, விதைப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எறிந்து, அரிந்து, 3 கிராம் உப்புத் தூவி 20 நிமிடம் வடிகூடையில் வைத்தால் கீழே 45 மில்லி நீர் சேர்கிறது. அலசாமல் ஒற்றி எடுத்தால் போதும். புதினா, கொத்தமல்லி, கிடைத்தால் தாய்லாந்துத் துளசி, மூன்றும் சேர்ந்து 60 கிராம். இலைகளைக் கழுவியதும் துணியில் சுற்றி உலர்த்த வேண்டும். ஈர இலையில் சாறு ஒட்டாது.

வறுத்த அரிசிப் பொடியை முதல் இரண்டு முறை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட்டேன். அது அலங்காரமல்ல. 25 கிராம் பச்சைப் பசையரிசியை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில், கை ஓயாமல் கிளறி, 14 நிமிடம் வறுத்தேன். ஐந்தாவது நிமிடத்தில் மணிகள் வெளுத்துச் சுண்ணாம்புபோல் ஆகின்றன, பத்தாவதில் வைக்கோல் நிறம், அதன்பின் நிறம் விரைந்து மாறித் தேன் நிறம் தாண்டும்போது பொரித்த சோளத்தின் மணம் எழுகிறது. அந்தக் கணத்தில் இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும். ஆறியதும் கல்லுரலில் கரகரப்பாக இடித்தேன். மின் அரைப்பானில் அரைத்த பொடி நைசாகிப்போய் சாற்றில் கரைந்து கஞ்சியாயிற்று. உரலில் இடித்ததோ இறைச்சித் துண்டுகளின் மேல் ஒட்டி, வழியும் சாற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லில் மெல்லக் கடிபட்டது.

பரிமாறும் வரிசையையும் மாற்றினேன். முன்பெல்லாம் எல்லாவற்றையும் பெரிய கிண்ணத்தில் போட்டுக் கலந்தேன். சூடான இறைச்சி பட்ட புதினா கறுத்துச் சுருண்டது. இப்போது அரிந்த துண்டுகளை முதலில் மூன்று மேசைக்கரண்டி சாற்றில் 2 நிமிடம் புரட்டி வைக்கிறேன். முன்கூட்டி ஊறவைத்து நான் தேடிய சுவை முழுவதும், வெட்டுமுகங்கள் திறந்திருக்கும் இந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. பிறகு அடியில் நூடுல்ஸ், அதன்மேல் பிழிந்த காய்கள், இலைகள், கடைசியில் சூடு தணிந்த இறைச்சி, அரிசிப் பொடி, ஒன்றிரண்டாக இடித்த வறுத்த வேர்க்கடலை 50 கிராம். மீதிச் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அவரவர் உண்ணும் நேரத்தில் ஊற்றிக்கொள்ளும்படி விட்டேன். வியட்நாமியக் கிண்ணத்தின் வழக்கமும் அதுவே.

செலவில் பாதிக்கு மேல் இறைச்சிக்குப் போனது, இரண்டாம் முறை மென்தசைக்கு இன்னும் கூடுதல். கருவிகளில் பயன்பட்டவை மூன்று: தராசு, ஊசி வெப்பமானி, கம்பித்தட்டு. வரிப்பள்ளக் கல் வாங்கியிருக்கத் தேவையில்லை. வேலை நேரம், கரி மூட்டுவது உட்பட, ஒரு மணி 40 நிமிடம். முந்தைய இரவின் ஐந்து நிமிடம் தனி.

அடுத்த முறை மூன்றை மாற்றப் போகிறேன். சர்க்கரையை 50-இலிருந்து 40 கிராமாக்குவேன். நீர் குறைந்தபின் இனிப்பு முன்னே நிற்கிறது. நூடுல்ஸை அலசி உதறியதுமே கைப்பிடி அளவு சிறு சுருள்களாகச் சுற்றி வடிய வைப்பேன். இம்முறை பரப்பிய இழைகள் நீளமாகப் பின்னிக்கொண்டு, பரிமாறும்போது கத்தரிக்கோல் தேவைப்பட்டது. ஃபிளாங்கின் ஒரு முனை எப்போதும் மெலிந்திருப்பதால் அது முந்தி வெந்து 66 டிகிரிக்குப் போய்விட்டது. அந்த முனையை முன்பே வெட்டித் தனியாக, கரி இல்லாத பக்கத்தில் நான்கு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும்.